பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்

கேள்வி: திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் நானும் என் கணவரும் 14 மெஷின் போட்டு டி-ஷர்ட் தையல் ஜாப் ஒர்க் செய்கிறோம். எங்களுக்கு ஆர்டர் தரும் பார்ட்டி, அதாவது கம்பெனி, இரண்டுதான். எனக்கு 34 வயது. தமிழ் வழியில் பி.காம் முடித்தேன், 58 சதவீதம். கணக்கு, பில், சனிக்கிழமை சம்பளம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மாதம் ஐந்து லட்சத்துக்கு பில் போட்டாலும் கையில் எதுவும் நிற்பதில்லை. சிறுதொழில் நிர்வாகம் பற்றி முதுநிலைப் படிப்பாக, தபால் வழியில் படித்தால் உதவுமா? ஒரு சென்டரிலிருந்து போன் செய்து, "ஒரே வருஷத்துல எம்பிஏ, வீட்டுலேயே புத்தகத்தைப் பார்த்து பரீட்சை எழுதலாம், இந்த வாரத்துக்குள்ள பணம் கட்டுங்க" என்கிறார்கள். கணவரோ, "படிச்சு வேலைக்கா போகப் போற?" என்கிறார். இரண்டு பிள்ளைகள், பெரியவன் நான்காவது படிக்கிறான். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, அந்த சென்டருக்குப் பணம் கட்டாதீர்கள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பேச எனக்கு மனசு வரும். மூன்று வருட பி.காம் முடித்த ஒருவருக்கு எம்பிஏ என்றால் இரண்டு வருடம், அதில் குறுக்கு வழி கிடையாது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்குப் படிப்பை விற்கவில்லை, ஒரு தாளை விற்கிறார் என்று அர்த்தம். தொலைநிலைப் படிப்பை ஃபிரான்சைஸ் கொடுத்து, அதாவது வெளியாட்களிடம் விட்டு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைகள் சொல்கின்றன. ஆகவே பணம் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் கணக்கு மட்டும்தான், சென்டர் நடத்துபவரின் ஜிபேக்கு அல்ல.

இதில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு ஆலோசனை சொல்வதோடு, பல வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்து வருகிறேன். ஒருமுறை, கரூர் பக்கமிருந்து திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் ஒரு தம்பி, இரண்டு வருட மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் சேர்ந்திருந்த பல்கலைக்கழகத்துக்கு நம் மாநிலத்தில் மையம் நடத்தவே அனுமதி இல்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு. பணம் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார், இரண்டு வருடம் ராத்திரி கண் விழித்துப் படித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, டெப் என்பார்கள், அவர்கள் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த வருடச் சேர்க்கைக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்று இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகிற படிப்பும் அதே வருடமும் அதில் இருக்க வேண்டும். எம்பிஏ என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியையும் கேளுங்கள். 2024 முதல் மாணவர் ஒவ்வொருவரும் டெப் ஐடி என்று ஒன்று எடுத்த பிறகுதான் சேர முடியும். மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் அரசுக் கணக்கின் எண்ணை, ஏபிசி ஐடி என்பார்கள், வாங்கிக்கொண்டு டெப் ஐடியை நீங்களே உங்கள் போனில் உருவாக்கலாம். அதை எடுத்துத் தருகிறேன் என்று ஆதாரையும் ஓடிபியையும் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, கோபப்படாதீர்கள். வேலைக்குப் போகிறவருக்குப் பட்டத்தைக் காட்டினால் சம்பளம் ஏறும். உங்கள் பார்ட்டி பட்டத்தைப் பார்த்து ரேட்டை ஏற்றித் தரப்போவதில்லை. ஆகவே நீங்கள் படிப்பதன் பலன் உங்கள் யூனிட்டுக்குள்ளேயே தெரிய வேண்டும், அதுவும் கோர்ஸ் முடிகிற வரை காத்திருக்காமல். அது முடியுமா என்றால், முடியும். நீங்கள் எழுதிய ஒரு வரியை வைத்தே காட்டுகிறேன்.

ஐந்து லட்சத்துக்கு பில் போட்டும் கையில் நிற்கவில்லை என்கிறீர்கள். பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. திருப்பூர் வழக்கப்படி 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் எந்த நேரத்திலும் உங்களுடைய 15 லட்சம் வெளியே நிற்கிறது. தையல்காரருக்கு சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், வாடகை, கரண்ட் பில் காத்திருக்காது, ஆகவே அந்த இடைவெளியை எங்கிருந்தோ வாங்கித்தான் அடைக்கிறீர்கள். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் 15 லட்சத்துக்கு மாதம் 22,500 ரூபாய். (அதில் பாதி உங்கள் சொந்தப் பணமாக, நகையாக இருந்தாலும் சரி, அதற்கும் வட்டி உண்டு, யாரும் கேட்காததால் தெரிவதில்லை.) ஐந்து லட்சத்தில் 22,500 என்பது நூற்றுக்கு நாலரை ரூபாய். பீஸுக்கு 20 ரூபாய் கூலி பேசினீர்கள் என்றால், மெஷினில் துணியை வைக்கும் முன்பே 90 காசு போய்விட்டது. ரேட் பேசும்போது 50 காசுக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம், இந்த 90 காசு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

புத்தகத்தில் இதற்கு வொர்க்கிங் கேபிடல் மேனேஜ்மென்ட் என்று தலைப்பு போட்டு ஒரு பகுதி முழுக்க இருக்கும். நீங்கள் இதைத்தான் ரொட்டேஷன் என்கிறீர்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படும்போது நான் சொல்வது இதுதான்: விஷயம் உங்களுக்குத் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. ஒரு நோட்டுப் போட்டு இடது பக்கம் புத்தகத்தின் சொல், வலது பக்கம் உங்கள் யூனிட்டில் அதற்கு என்ன பெயர் என்று எழுதி வாருங்கள். ஐம்பது, அறுபது சொல் சேர்ந்ததும் பக்கங்கள் வேகமாக நகர ஆரம்பிக்கும்.

அப்புறம் வங்கி. ஆண்டுக்கு 60 லட்சம் பில் போடுகிற சிறு நிறுவனத்துக்கு அதில் 20 சதவீதம், அதாவது 12 லட்சம் வரை ரொட்டேஷன் கடன் கேட்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறை அது, வங்கிகள் இன்றும் பின்பற்றுகின்றன. வங்கி 11 சதவீதம் கேட்டாலும் நீங்கள் வெளியே கட்டுவது 18 சதவீதம், 12 லட்சத்துக்கு வருடம் 84,000 ரூபாய் வித்தியாசம். ஆனால் அதற்கு ஜிஎஸ்டி ரிட்டர்னும் வங்கிக் கணக்கும் பில் புத்தகமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. இதையெல்லாம் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து நீங்களே பேசுகிறீர்கள் பாருங்கள், அது படிப்பு தருவது. பி.காமில் பாலன்ஸ் ஷீட் போடக் கற்றுக்கொண்டீர்கள். போட்டதைப் படித்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிற பழக்கம் முதுநிலையில்தான் வரும்.

இப்போது என்ன படிப்பது என்று பார்க்கலாம். சிறுதொழில் நிர்வாகம் என்ற பெயரிலேயே முழு முதுநிலைப் பட்டம் தேடினால் அலுத்துப் போவீர்கள். பெரும்பாலும் அது எம்பிஏ, எம்.காமுக்குள் ஒரு தாளாகத்தான் வரும். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின், அதாவது இக்னோவின், பழைய எம்பிஏவில் எம்எஸ்-93 என்று ஒரு பாடம் இருந்தது, புதிய மற்றும் சிறு நிறுவனங்களின் நிர்வாகம். அதன் புத்தகம் இக்னோவின் ஈஞானகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே இருக்கிறது. சேருவதற்கு முன்னால் அதைப் படித்துப் பாருங்கள், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வரம்புகள், திட்டங்கள் பழசு, அவற்றை நம்ப வேண்டாம். உதாரணமாக, 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரை கோடி, விற்றுமுதல் பத்து கோடி வரை இருந்தால் குறு நிறுவனம் என்று ஆகிவிட்டது, நீங்கள் அதில்தான் வருகிறீர்கள். ஆனால் எப்படி யோசிப்பது என்று சொல்லும் பகுதிகள் அப்படியே பொருந்தும்.

அந்தப் புத்தகம் பிடித்திருந்தால் அடுத்த கேள்வி நேரம். இதைத்தான் யாரும் சேர்க்கையின்போது சொல்வதில்லை, எனக்கு அது வருத்தம். இக்னோ எம்பிஏ 116 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு, மொத்தம் 3,480 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 33 மணி நேரம். 14 மெஷினும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அது நடக்காது. நான்கு வருடம் வரை நேரம் தருகிறார்கள், அப்படி நீட்டினாலும் தினம் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். சிலரால் முடிந்திருக்கிறது. ஆனால் பலர் முதல் செமஸ்டரோடு நின்றுவிட்டு, "எனக்குப் படிப்பு வராது" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு வராததால் நின்றவர்கள் இல்லை அவர்கள். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது எம்பிஏ இல்லை, இப்போதைக்கு. இக்னோவிலேயே நிதி நிர்வாகத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேலும் நீட்டிப் படிக்கலாம். உங்கள் யூனிட்டில் பணம் கசிகிற இடமும் அதுதான். அதை முடித்துவிட்டு ஆசை குறையாமல் இருந்தால் எம்பிஏவுக்கு வாருங்கள், அப்போது பெரியவன் ஆறாவதுக்கு வந்திருப்பான், உங்களுக்கும் இந்த மாதிரிப் படிப்பு பழகியிருக்கும். சேரும் முன் தகுதி, கட்டணம், பக்கத்தில் எந்தப் படிப்பு மையம் என்று அந்த வருடக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவை மாறும். தமிழில்தான் எழுத முடியும் என்று தோன்றினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தெந்த முதுநிலைப் படிப்பைத் தமிழில் எழுதலாம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இக்னோவில் அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70 மதிப்பெண். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் தேர்வுக்கான அசைன்மென்ட்டை வழக்கமாக அக்டோபர் வாக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், அதாவது சரியாகத் தீபாவளி ஆர்டரும் போனஸ் கணக்கும் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில். நீங்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக்கொண்டு அதை எழுத உட்கார முடியாது. ஆகவே ஆகஸ்ட் மாதத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். பலரும் செய்கிற மாதிரி கடையில் விற்கிற ரெடிமேட் விடையை வாங்கிக் காப்பி அடிக்காதீர்கள். அசைன்மென்ட்தான் இந்தப் படிப்பிலேயே உங்களுக்கு அதிகம் பயன்படக் கூடிய பகுதி, அதை விலைக்கு வாங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

எப்படிப் பயன்படும் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவர், உங்களைப் போலவே பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட் வைத்திருப்பவர், அனுப்பர்பாளையம் தாண்டி. உற்பத்தி பற்றிய பாடத்துக்கு அசைன்மென்ட் எழுத வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்த கார் கம்பெனி உதாரணத்தையே திருப்பி எழுதிக்கொண்டு வந்தார். நான் அதை வாங்காமல், "உங்க மெஷின் எப்போ எப்போ நிக்குதுன்னு ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க" என்றேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார், எண்ணெய்க் கறையோடு. ஓவர்லாக் நூல் அறுந்தது, பத்து நிமிஷம். பிளாட்லாக் ஊசி உடைந்தது, ஐந்து நிமிஷம். லேபிள் வரவில்லை, இரண்டு மணி நேரம். மறுநாள் மறுபடி லேபிள், ஒன்றே முக்கால் மணி நேரம். அதுவரை தையல்காரர்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதற்காக அவர்களிடம் சத்தமும் போட்டிருக்கிறார். பார்ட்டி லேபிளைத் தாமதமாக அனுப்புவதுதான் நேரத்தைத் தின்றிருக்கிறது. அதற்குப் பிறகு லேபிள், நூல், பாலிபேக் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் லைனில் லோடு போடுவது என்று பார்ட்டியிடம் தன்மையாகப் பேசி வைத்துக்கொண்டார். அந்தத் தாள்களை அவர் இன்னும் வைத்திருக்கிறார். எனக்கும் காட்டினார், ஒரு ரப்பர் பேண்ட் போட்டு.

சட்டப் பாடத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் (எம்எஸ்எம்இ) சட்டத்தின் 15ஆவது பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரியிலும் 2023-24 நிதியாண்டிலிருந்து, உங்களுக்குக் காலத்தில் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று பார்ட்டிக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. படிக்கும்போது உற்சாகமாக இருக்கும். ஆனால் இரண்டே பார்ட்டியை நம்பி 14 மெஷின் ஓட்டுகிற நீங்கள் நாளைக்கே போய் இந்தப் பிரிவைச் சொன்னால், அடுத்த லாட் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். எனக்கு அது தெரியும், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலை: உத்யம் என்னும், இந்த நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு இல்லையென்றால் எடுங்கள், அது முழுக்க இலவசம், அந்த எண்ணை உங்கள் பில்லில் அச்சடியுங்கள். சத்தம் போடாமல் பார்ட்டியின் ஆடிட்டர் கண்ணில் அது படும். அப்புறம் மூன்றாவது, நான்காவது பார்ட்டியைத் தேடுங்கள். சட்டத்தைப் பயன்படுத்துகிற தெம்பு ஆர்டர் பல இடத்திலிருந்து வரும்போதுதான் வரும்.

வீட்டில் பேசுவதற்கு ஒரு யோசனை. சேரட்டுமா வேண்டாமா என்று இப்போது பேச்செடுக்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யூனிட் அமைதியாக இருக்கும்போது, கட்டிங் டேபிளில் பில் புத்தகத்தையும் பாஸ் புத்தகத்தையும் விரித்து இருவரும் உட்காருங்கள். கடந்த ஆறு மாத பில் ஒவ்வொன்றுக்கும் தேதி, பார்ட்டி, தொகை, பணம் வந்த தேதி, எத்தனை நாள் என்று ஐந்து கட்டம் போடுங்கள். யார் 40 நாளில் தருகிறார், யார் 120 நாள் இழுக்கிறார் என்று அதில் தெரியும். நல்ல ரேட் தருகிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற பார்ட்டி, வட்டியைக் கழித்தால் கீழே போய்விடக் கூடும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். இக்னோ சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும் இரண்டு தடவை வருகிறது, "இந்த வாரத்துக்குள்ள" என்ற அவசரம் எதுவும் உங்களுக்கு இல்லை.

அந்த ஐந்து கட்டத் தாளை, பார்ட்டி பெயரை அழித்துவிட்டு, எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நாள் கணக்கைப் பார்த்துவிட்டு, வங்கிக்கு எந்த மாதத்தில் போனால் நல்லது என்று எழுதுகிறேன்.